கம்பெனிக்காரர் போட்டோ கேட்டால்: முதல் உரிமம் எழுதுபவர்களுக்கு

"ஏனுங்க, நீங்க போட்ட பொள்ளாச்சி தென்னந்தோப்பு போட்டோ அருமையா இருக்குதுங்க. எங்க செக்கு எண்ணெய் லேபிளுக்கு வேணும். ஒரிஜினல அனுப்பிவிடுங்க, எவ்வளவுன்னும் சொல்லுங்க."

முதல் வாய்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் வந்து நிற்கும். கேட்பவர் காங்கேயத்து எண்ணெய் ஆலைக்காரராக இருக்கலாம். ஈரோட்டு மஞ்சள்தூள் கம்பெனி, கரூர் வீட்டுத்துணி ஏற்றுமதியாளர், அவிநாசி ரோட்டில் ஹோர்டிங் வைக்கும் மனை வியாபாரி என யாராகவும் இருக்கலாம். அந்தச் செய்தியில் இரண்டு வேண்டுகோள்கள் இருக்கின்றன. இரண்டையுமே அன்றைக்கு நிறைவேற்றாதீர்கள். ஒரிஜினலை அனுப்பிவிட்டால் பேசுவதற்கு உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. விலையைச் சொல்லிவிட்டால், அது எதற்கான விலை என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர் எத்தனை மரம், எத்தனை வருசம், காய் மட்டுமா மட்டையும் சேர்த்தா, ஊடுபயிர் யாருக்கு என்றெல்லாம் பேசி முடித்த பிறகுதான் தொகைக்கு வருவார். குத்தகை முடிந்தால் தோப்பு திரும்ப அவர் கைக்கு வந்துவிடும். போட்டோ உரிமமும் அதே கணக்குதான். படம் உங்களுடையதாகவே இருக்கும். இன்ன வேலைக்கு, இன்ன ஊரில், இத்தனை காலம் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை மட்டும் கொடுக்கிறீர்கள்.

படம் உங்களுடையதுதானா?

வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்த கணத்திலேயே படத்தின் உரிமை எடுத்தவருக்கு வந்துவிடும். செல்போனில் எடுத்தாலும் அப்படித்தான். பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும்.

விதிவிலக்குகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் 17ஆம் பிரிவில் வருகின்றன. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டதால் நீங்கள் எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முதல் உரிமையாளர் அந்தப் பணம் கொடுத்தவர்தான். கல்யாணத்துக்கு எடுத்தது, திருப்பூர் பனியன் கம்பெனி கேட்லாகுக்குக் கூலி பேசி எடுத்தது எல்லாம் இதில் அடங்கும். அடுத்தது வேலை. ஒரு ஸ்டுடியோவிலோ விளம்பர நிறுவனத்திலோ மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு, அந்த வேலையின் பகுதியாக எடுத்த படம் முதலாளிக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை சொந்த கேமராவில், சொந்த விருப்பத்துக்கு எடுத்தது உங்களுடையது. கம்பெனி கேமராவில் எடுத்திருந்தால் பின்னால் வாக்குவாதம் வரும். அப்படிப்பட்ட படத்துக்கு முதலாளியிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னும் இரண்டு இடங்களில் உரிமை உங்களுக்குத் தெரியாமலே கை நழுவியிருக்கும். போட்டோ போட்டிகளின் விதிமுறையில், அனுப்பிய எல்லாப் படங்களையும் நடத்துபவர் எதற்கும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கும். பலருடைய படங்களைச் சேர்த்து வைத்து யாருக்கும் விற்கும் ஸ்டாக் தளங்களில் ஏற்கெனவே ஏற்றிய படம் என்றால், அதை யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியாது. அந்தப் படத்தை "உங்களுக்கு மட்டும்" என்று யாருக்கும் கொடுக்க முடியாது.

எடுத்தது நீங்கள்தான் என்பதற்குச் சாட்சி ரா கோப்பும் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக்கோப்பு), அதே நேரத்தில் எடுத்த முன்பின் படங்களும். திருடியவரிடம் ஒரே ஒரு ஜேபெக்தான் இருக்கும். உங்களிடம் அந்த ஐந்து நிமிடத்தின் முழு வரிசையும் இருக்கும். அதனால் தேறாத படங்களையும் உடனே அழித்துவிடாதீர்கள். பெரிய தொகைக்குப் போகும் படமாக இருந்தால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருள்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் படைப்பு என்றால் 2,000.

படத்துக்குள் யார், என்ன?

உங்கள் உரிமை படத்தின் மேல்தான். படத்தில் இருப்பவர் முகத்தின் மேல் உங்களுக்கு உரிமை இல்லை. செய்திக்கோ கண்காட்சிக்கோ போகும்போது பெரிதாகத் தொந்தரவு வராத படம், விளம்பரத்துக்குப் போகும்போது வேறு கதையாகிவிடும். மஞ்சள் வேகவைக்கும் களத்தில் நிற்கும் ஒரு அம்மாவின் படத்தை எடுத்து, மூட்டுவலி மருந்து விளம்பரத்தில் போட்டால் ஊரே அவரை நோயாளி என்று நினைக்கும். அவர் மகன் முதலில் உங்களைத்தான் தேடி வருவார், மருந்துக் கம்பெனியை அல்ல.

ஆகவே முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதம் வேண்டும். முதுகு மட்டும் தெரிந்தாலும், ஊர்க்காரர் பார்த்தவுடன் இன்னார் என்று சொல்லிவிடுவார்கள் என்றால் அவரிடமும் வாங்குங்கள். கடிதம் தமிழில் இருக்கட்டும். பெயர், ஊர், எடுத்த தேதி, படத்தின் சிறு பிரதி, எந்த எந்தப் பயன்பாட்டுக்குச் சம்மதம், எதற்குச் சம்மதம் இல்லை, கொடுத்த தொகை, கையெழுத்து, ஒரு சாட்சி. கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்கி, வாசித்துக் காட்டியதைச் சாட்சியின் கையால் எழுத வையுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட குழந்தையாக இருந்தால் அப்பாவோ அம்மாவோ போட வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்து செல்லாது.

கேட்கும் விதமும் முக்கியம். "அண்ணா, நீங்க மரமேறுற படத்த ஒரு எண்ணெய் கம்பெனி பாட்டில்ல போடக் கேக்கறாங்க. ரெண்டு வருசம் கடையில இருக்கும். உங்களுக்குச் சம்மதமுங்களா? சம்மதம்னா இவ்வளவு தர்றனுங்க." இதில் பயன்பாடு, காலம், தொகை மூன்றும் வந்துவிட்டன. வெறுமனே "ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றால், நிலப்பத்திரமோ கடன் பத்திரமோ என்று பயப்படுவார்கள். பயப்படுவது நியாயம்தான்.

ஆட்களைத் தவிர, நம் பக்கத்தில் அடிக்கடி சிக்கல் கொடுக்கும் வேறு சில:

திருப்பூர் தையல் கூடத்தின் உள்ளே எடுத்த படம். தைத்துக்கொண்டிருக்கும் பனியனின் கழுத்தில் வெளிநாட்டு பிராண்டின் லேபிள் தெரியும். தன் சரக்கு எங்கே தைக்கப்படுகிறது என்பதை வெளியிடக் கூடாது என்று பல பிராண்டுகள் ஏற்றுமதியாளரிடம் எழுதி வாங்கியிருக்கும். உங்கள் படத்தால் அவருடைய ஆர்டர் போகலாம். கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்கூடத்துப் படங்களை விற்பனைக்கு எடுக்கவே வேண்டாம். அனுமதி இருந்தாலும் படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒவ்வொரு லேபிளாகப் பாருங்கள்.

கோயில். தெருவிலிருந்து தெரியும் கோபுரத்தைப் படம் எடுத்து வெளியிடப் பதிப்புரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் கோபுரம் அச்சிட்ட பாக்கெட் காலியானதும் குப்பையில் கிடக்கும்; புகார் அங்கிருந்துதான் கிளம்பும். வாங்குபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோயிலுக்குள் செல்போனுக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மூலவர் படங்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

காடு. ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் எடுத்ததென்றால், உள்ளே போக எந்த நோக்கத்துக்கு அனுமதி வாங்கினீர்கள் என்று பாருங்கள். சுற்றுலாச் சீட்டில் போய் எடுத்த யானைப் படத்தை விளம்பரத்துக்குக் கொடுக்கும் முன் வனத்துறையிடம் கேட்பதுதான் பத்திரம். வால்பாறைத் தேயிலைக் காடுகள் பெரும்பாலும் தனியார் எஸ்டேட்டுகள். ரோட்டில் நின்று எடுத்த பொதுக்காட்சிக்கும், எஸ்டேட்டின் பங்களாவும் பெயர்ப்பலகையும் தெரியும் படத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதற்கு எஸ்டேட்டிடம் கடிதம் வேண்டும்.

ட்ரோன் படம் என்றால் வாங்கும் கம்பெனியின் சட்டப்பிரிவு பறக்கவிட்ட அனுமதியையும் கேட்கும். கோவையில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் கட்டுப்பாடு அதிகம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எடுத்த படத்தை விற்கக் கிளம்பினால், விதி மீறியதற்கான சாட்சியை நீங்களே அச்சடித்துக் கொடுத்ததுபோல் ஆகும்.

விலைக்கு முன் கேள்விகள்

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் எழுதலாம். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கமுங்க. படம் உங்களுக்குப் பிடிச்சதுல சந்தோசமுங்க. உரிமம் தர்றனுங்க. தொகை சொல்றதுக்குச் சில விவரம் வேணும். லேபிள்ல மட்டுமா, வெப்சைட், இன்ஸ்டாகிராம், ஹோர்டிங்னு மத்ததுலயும் வருமா? லேபிள் எத்தனை அச்சடிப்பீங்க? எத்தன வருசத்துக்கு வேணும்? தமிழ்நாடு மட்டுமா, கேரளா, வெளிநாடு போகுமா? வேற எண்ணெய் கம்பெனிக்கு இதே படத்தைத் தரக் கூடாதுன்னு எதிர்பார்க்கறீங்களா? படத்துல எதையாவது வெட்டி ஒட்டுவீங்களா? பில் யார் பேருல போடணும்?"

கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். பல சமயம் கேட்டு வருபவர் கம்பெனிக்காரர் இல்லை, அவருக்கு வேலை செய்யும் டிசைனர். டிசைனரிடம் உரிமம் கொடுத்தால், அடுத்த மாதம் அவர் அதே படத்தை வேறொரு வாடிக்கையாளருக்கும் வைப்பார். உரிமம் இருக்கிறதே என்பார். உரிமம் பெறுபவராகப் படத்தைப் பயன்படுத்தும் கம்பெனியின் பெயரையே எழுதுங்கள். பணத்தை டிசைனர் கொடுத்தாலும் பரவாயில்லை.

பதிலில் "லோகோவாகவும் வைத்துக்கொள்வோம்" என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். லோகோவை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டால், அந்தப் படத்தை நீங்கள் வேறு யாருக்கும் கொடுக்க முடியாத நிலை வரும். அது உரிமம் அல்ல, முழு விற்பனை. விலையும் முழு விற்பனையின் விலையாகத்தான் இருக்க வேண்டும்.

டிசைன் போட்டுப் பார்க்க மாதிரிப் படம் கேட்பார்கள், கொடுக்கலாம். நீளப் பக்கம் 800 பிக்சல், குறுக்கே உங்கள் பெயர். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடித்தால் அது 2.7 அங்குலம்தான் வரும். இன்ஸ்டாகிராமில் நீங்கள் போட்டிருக்கும் 1080 பிக்சல் அகலப் படமே 3.6 அங்குல லேபிளுக்குப் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள். சின்ன டப்பாக்காரர்கள் சிலர் கேட்காமலே அச்சடித்துவிடுவது இதனால்தான்.

தொகை

நம் ஊரில் இதற்கென்று ஒரு விலைப்பட்டியல் கிடையாது. ஆனால் இரண்டு எல்லைகள் இருக்கின்றன. கீழ் எல்லை, இதேபோன்ற படம் ஸ்டாக் தளத்தில் என்ன விலை என்பது. மேல் எல்லை, இதே படத்தைப் புதிதாக எடுக்க வாங்குபவருக்கு என்ன செலவாகும் என்பது. உங்கள் தொகை நடுவில் எங்கோ நிற்கும். ஸ்டாக் தளத்தில் கிடைக்கவே கிடைக்காத படம் என்றால் மேல் எல்லைக்குப் பக்கத்தில் போகலாம். பழையகோட்டை மாட்டுத்தாவணியில் எடுத்த காங்கேயம் காளை, பவானியில் தறிக்குழியில் இருந்து ஜமக்காளம் நெய்பவரின் கை, இவையெல்லாம் அந்த வகை. சூரிய உதயம், பனித்துளி, மலைமேல் மேகம் என்றால் மேல் எல்லையை மறந்துவிடுங்கள்.

கணக்கு எப்படி ஓடும் என்று காட்ட ஓர் உதாரணம். எண்கள் முறையைக் காட்டத்தான், சந்தை விலை அல்ல. புதிதாக எடுக்க ஒரு நாள் போட்டோகிராபர் 15,000, வண்டி 4,000, மரமேறுபவர் கூலியும் எடிட்டிங்கும் 4,000, மொத்தம் 23,000. இது மேல் எல்லை. உங்கள் படத்துக்கு லேபிள் மட்டும், 50,000 பிரதி வரை, தமிழ்நாடும் கேரளாவும், இரண்டு வருசம் என்றால் 9,000 என்று வைப்போம். வெப்சைட்டும் சமூக ஊடகமும் அதே காலத்துக்கு 3,000. ஆக 12,000. எண்ணெய்த் தொழிலில் வேறு யாருக்கும் தரக் கூடாது என்றால் அதில் பாதி கூடுதல், 18,000. ஹோர்டிங்கும் வேண்டும், 6,000 என்று ஏற்றினால் 24,000 ஆகிவிடும். அந்த இடத்தில் அவர் புதிதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இந்தக் கூட்டல் உங்களுக்குச் சொல்லிவிடும்.

பேரம் வரும். "ரொம்ப அதிகமுங்க, பார்த்துச் சொல்லுங்க" என்றால் தொகையை மட்டும் குறைக்காதீர்கள். பயன்பாட்டையும் சேர்த்துக் குறையுங்கள். "சரிங்க, 7,000த்துக்குத் தர்றன். ஒரு வருசம், தமிழ்நாடு மட்டும்." அப்போது பழைய தொகை எதற்காக இருந்தது என்று அவருக்குப் புரியும். வெறுமனே இறக்கினால், முதலில் சொன்னது வாய்க்கு வந்த விலை என்றாகிவிடும்.

"உங்க பேரைப் போடறோம், நல்ல விளம்பரம்" என்பதற்கும் ஒரு பதில் தேவைப்படும். எண்ணெய் பாட்டில் லேபிளில் எடை, விலை, உரிம எண், தயாரித்த தேதி எல்லாம் போட்ட பிறகு உங்கள் பெயருக்கு இடமே இருக்காது. இருந்தாலும் அதைப் படித்து உங்களுக்கு வேலை கொடுப்பவர் யாரும் எண்ணெய் வாங்க வரப்போவதில்லை.

மாமன் மச்சான் கம்பெனியாக இருந்தால்? காசு வாங்காமல் கொடுப்பது உங்கள் இஷ்டம். எழுதாமல் கொடுக்காதீர்கள். தொகை 0 என்று போட்டுக்கூட உரிமக் கடிதம் எழுதலாம். உறவு கெடுவது பெரும்பாலும் காசால் இல்லை. நீங்கள் லேபிளுக்குக் கொடுத்த படம் நான்கு வருசம் கழித்து அவருடைய பங்காளியின் கம்பெனி ஹோர்டிங்கில் நிற்பதைப் பார்க்கும்போதுதான்.

காலண்டருக்குப் படம் கேட்டால் பருவத்தைப் பாருங்கள். சிவகாசியில் புது வருடக் காலண்டர் மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு சமயத்தில் வெளியாகும். அதற்கு முன்பே வந்து கேட்பவர் ஆல்பத்தில் வைத்துப் பல கடைகளுக்கு விற்கப் போகிறவர். ஐப்பசியில் வந்து கேட்பவர் தன் ஒரு கடைக்கு மட்டும் அடிப்பவர். இரண்டுக்கும் ஒரே தொகை சொல்லக் கூடாது. உரிமத்தில் எந்த ஆண்டுக் காலண்டர் என்று எழுதினால் காலக்கெடு தானாக வந்துவிடும்.

எழுத்தில் வைப்பது

உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சொல்கிறது. எழுதாமல் விட்ட விஷயங்களைச் சட்டமே நிரப்பிக்கொள்ளும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா முழுவதும். நீங்கள் ஒரு வருசம், கோவை மட்டும் என்று மனதில் நினைத்திருந்தாலும் பயன் இல்லை.

பெரிய முத்திரைத்தாள் ஆவணம் தேவையில்லை. ஒரு பக்கம் போதும்:

உரிமம் தருபவர்: உங்கள் பெயர், முகவரி, பான் எண்.
உரிமம் பெறுபவர்: கம்பெனியின் பதிவுப் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண்.
படம்: கோப்புப் பெயர், தலைப்பு, சிறுபிரதி இணைப்பு.
பயன்பாடு: தேங்காய் எண்ணெய் 500 மி.லி., 1 லிட்டர் பாட்டில் லேபிள், அதிகபட்சம் 50,000 பிரதிகள்; கம்பெனியின் சொந்த வெப்சைட், சமூக ஊடகப் பக்கங்கள்.
இடம்: தமிழ்நாடு, கேரளா. இணையப் பயன்பாட்டுக்கு இட வரம்பு இல்லை.
காலம்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை. முடிந்தபின் புதிதாக அச்சிடக் கூடாது. அச்சிட்டு இருப்பில் உள்ளதை மேலும் 3 மாதம் வரை விற்கலாம்.
தனியுரிமை (வேறு யாருக்கும் தராமல் இவருக்கு மட்டும்): இல்லை. அல்லது, சமையல் எண்ணெய்த் தொழிலில் மட்டும்.
மாற்றம்: அளவுக்கு ஏற்ப வெட்டலாம், எழுத்து சேர்க்கலாம். ஆட்களின் உருவத்தை மாற்றக் கூடாது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கோ, அதன்மூலம் புதுப்படம் உருவாக்கவோ பயன்படுத்தக் கூடாது.
கைமாற்றம்: வேறு நிறுவனத்துக்குத் தரவோ, வணிகச் சின்னமாகப் பதியவோ கூடாது.
தொகை: இவ்வளவு, முழுத்தொகை வந்த பிறகே உரிமம் நடைமுறைக்கு வரும்.
இதில் சொல்லப்படாத எல்லா உரிமைகளும் உரிமம் தருபவரிடமே இருக்கும்.

இருப்புச் சரக்குக்கு 3 மாதம் என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், காலம் முடிந்த மறுநாளும் கடையில் பாட்டில் இருக்கும். அதை வைத்துச் சண்டை போடுவது இருவருக்கும் நேர விரயம். முழுத்தொகை வரி அதைவிட முக்கியம். பணம் வராமல் அச்சடித்தால் அது வெறும் பாக்கி அல்ல, அனுமதியில்லாத பயன்பாடு. பேச்சில் உங்கள் கை ஓங்கி நிற்பது அந்த வரியால்தான்.

பெரிய கம்பெனிகள் உங்கள் கடிதத்தில் கையெழுத்திட மாட்டார்கள். தங்கள் பர்ச்சேஸ் ஆர்டரை அனுப்புவார்கள். முதல் பக்கத்தில் தொகை சரியாக இருக்கும். பின் பக்கத்துப் பொடி எழுத்தில், நூல், சாயம், அட்டைப்பெட்டி வாங்க எழுதி வைத்த அதே விதிகள் இருக்கும்: பொருளின் முழு உரிமையும் வாங்குபவருக்கு, நிரந்தரமாக. "அசைன்மெண்ட்", "ஆல் ரைட்ஸ்", "பெர்பெச்சுவல்", "பைஅவுட்" என்ற சொற்களைத் தேடுங்கள். யாரும் ஏமாற்ற நினைத்து வைத்ததாக இருக்காது, ஆனால் கையெழுத்திட்டால் அதுதான் செல்லும். "பர்ச்சேஸ் ஆர்டரின் பொது விதிகளுக்கும் இணைத்துள்ள உரிமக் கடிதத்துக்கும் முரண்பாடு வந்தால் உரிமக் கடிதமே செல்லும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மெயில் போடுங்கள். கொள்முதல் பிரிவினர் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பில், வரி, பாக்கி

பில்லில் "போட்டோ விற்பனை" என்று எழுதாதீர்கள். "போட்டோ பயன்பாட்டு உரிமக் கட்டணம், உரிமக் கடித எண் இன்ன" என்று எழுதுங்கள். சேவைகளுக்கு ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது. பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. பதிவு இருந்தால் பதிப்புரிமை உரிமத்துக்கு 18 சதவீதம். சில வகை வாங்குபவர்கள் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் தாங்களே வரி கட்டுவார்கள். அதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராயல்டி என்ற கணக்கில், ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். பிடித்ததை உங்கள் பெயரில் கட்டினார்களா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள்.

பின்னலாடை, விசைத்தறி வட்டாரங்களில் 60 நாள், 90 நாள் கடன் சகஜம். நூல் வியாபாரிக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்வார்கள். முதல் முறை என்றால் முழுப் பணமும் வந்த பிறகே பெரிய கோப்பு என்று வையுங்கள். அது முடியாவிட்டால் பாதி முன்பணம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம்; ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்திலேயே முடிந்துவிடும். சிறு, குறு நிறுவனமாகப் பதிந்தவருக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. வேலை பேசுவதற்கு முன்பே பதிந்து, பில்லில் அந்த எண்ணைப் போட்டுவிட்டால், கணக்குப்பிரிவில் உங்கள் பில் கொஞ்சம் மேலே ஏறும்.

கோப்பை அனுப்புதல்

24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 பிக்சல். 300 டிபிஐயில் 20 அங்குலத்துக்கு 13.3 அங்குலம் வரும். லேபிள், ஏ4 கேட்லாக், காலண்டர் எல்லாவற்றுக்கும் தாராளம். 20க்கு 10 அடி ஹோர்டிங்கில் அதே படம் 25 டிபிஐதான். ஆனாலும் ரோட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: ஆஸ்பத்திரி வரவேற்பறையில் 10 அடிச் சுவர்ப்படம். அங்கே 50 டிபிஐ வரும், மூன்றடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள், இலைகள் எல்லாம் மசமசவென்று தெரியும். அளவைக் கேட்காமல் விட்டால் பழி உங்கள் கேமராவுக்கு வரும்.

படத்தை வெட்டாமல் முழுதாகக் கொடுங்கள். அச்சகத்தில் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வேண்டும், நெருக்கி வெட்டிய படத்தில் தென்னை உச்சி போய்விடும். இணையத்துக்கு எஸ்.ஆர்.ஜி.பி. நிறமுறையில் ஜேபெக் கோப்பு, அச்சுக்கு அடோபி ஆர்.ஜி.பி. நிறமுறையில் உயர்தர ஜேபெக் அல்லது டிஃப் கோப்பு. அச்சு மைகளுக்கான சி.எம்.ஒய்.கே. நிறமுறைக்கு நீங்கள் மாற்ற வேண்டாம், அது அச்சகத்தின் தாளையும் மையையும் பொறுத்தது. ஆனால் திரையில் பளிச்சென்று இருக்கும் மஞ்சளும், மழைக்குப் பிந்தைய பயிர்ப் பச்சையும் அச்சில் மங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, அச்சு மாதிரி (புரூஃப்) பார்க்கச் சொல்லுங்கள். ரா கோப்பைக் கொடுக்காதீர்கள். உங்கள் உரிமைக்கான சாட்சி அதுதான்.

அனுப்பும் முன் கோப்புக்குள்ளேயே பதியும் விவரப் பகுதியான ஐ.பி.டி.சி. தகவலில் உங்கள் பெயர், தொடர்பு, உரிமக் கடித எண், முடியும் தேதி ஆகியவற்றை ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கும், இந்தத் தகவலும் அழியும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் டிரைவில் வைத்து, இறக்கியதும் லிங்க்கை மூடிவிடுங்கள்.

கொடுத்த பிறகு

ஒரு தாளிலோ எக்செல்லிலோ படம், கம்பெனி, பயன்பாடு, முடியும் தேதி என்று எழுதி வையுங்கள். இரண்டாவது வாங்குபவர் தனியுரிமை கேட்கும்போது இந்தத் தாள்தான் பதில் சொல்லும். அச்சானதும் இரண்டு மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள். உரிமம் முடிவதற்கு 60 நாள் முன்னால், "புதுப்பிக்கறீங்களா?" என்று ஒரு செய்தி போடுங்கள். அடுத்த அச்சுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே அது அவர் கைக்குப் போக வேண்டும். லேபிள் அச்சாகி வந்த பிறகு கேட்டால் மிரட்டல்போல் கேட்கும்.

ஒப்புக்கொண்டதைத் தாண்டிப் பயன்படுத்தியிருந்தால், உதாரணமாக லேபிளுக்குக் கொடுத்தது பல்லடம் ரோட்டு ஹோர்டிங்கில் நின்றால், முதலில் போட்டோ எடுங்கள், தேதியோடு. பிறகு கூடுதல் பயன்பாட்டுக்கு ஒரு பில் அனுப்புங்கள். பாதிப்பேர் மார்க்கெட்டிங் பையன் தெரியாமல் வைத்துவிட்டான் என்று சொல்லிக் கட்டிவிடுவார்கள். பதிலே இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். உரிமை மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இருக்கின்றன. ஆனால் எடுத்த எடுப்பில் போலீசுக்குப் போனால் பணமும் வராது, வாடிக்கையாளரும் போவார். கம்பெனி மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும், 62ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். அதை நோட்டீசில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஈரோட்டுக்கு வாய்தாவுக்கு வந்துபோகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே, பல கம்பெனிகள் அந்த பில்லை எடுத்து மேசைமேல் வைத்துவிடும்.